முகாமுக்கு இடம் பார்க்க நாகமலை அடிவாரம் போனது

சிம்மக்கல்லில் எங்கள் பள்ளிக்கூட வாசலிலிருந்து காலை ஆறு மணிக்கு மாட்டுவண்டி புறப்பட்டது. தை மாதக் கடைசி. தெருவிளக்குகளைச் சுற்றிப் பனி இன்னும் கலையவில்லை. வண்டியில் நானும் பாக்கியம் டீச்சரும் இருந்தோம். வண்டிக்காரர் சோணை, நாள் வாடகை ஒன்றரை ரூபாய். எங்கள் காலடியில் வாடகைக்கு எடுத்த கூடாரத்துணி சுருட்டிக் கிடந்தது.

எட்டாம் வகுப்புப் பெண்களை ஊருக்கு வெளியே கூட்டிப்போய் மூன்று நாள் கூடாரத்தில் தங்கவைக்க வேண்டும் என்பது பாக்கியம் டீச்சரின் நெடுநாள் ஆசை. அவர் தையல் டீச்சர், நான் டிராயிங் டீச்சர். தலைமையாசிரியை சம்மதித்தார், ஆனால் முதலில் நாங்களே போய் இடம் பார்த்து, நல்ல தண்ணீரும் விறகும் கூப்பிடு தூரத்தில் ஒரு ஊரும் உண்டா என்று தெரிந்துகொண்டு வரச் சொல்லிவிட்டார். பெண்பிள்ளைகள் விஷயம். ஒன்று கோணலாகப் போனாலும் இனி எந்தப் பெற்றோரும் சம்மதிக்கமாட்டார்கள்.

காளவாசலில் செங்கல் சூளைகள் புகைந்துகொண்டிருந்தன. சோணைக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் சூளை வாயிலிருந்து கை காட்டினார். அதற்கப்புறம் சாலை நேராக மேற்கே போகிறது. வலப்பக்கம் நாகமலை கூடவே வருகிறது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அது உயரமான மலை இல்லை, நீளமான மலை. தலை எது, வால் எது என்று தெரியாமல் மைல் கணக்கில் படுத்திருக்கும்.

மதுரையிலிருந்து ஆறு மைல் வந்து நாகமலை புதுக்கோட்டையில் மோர் குடித்தோம். அங்கிருந்து மலையடி வண்டிப்பாதையில் இறங்கினோம். இன்னும் மூன்று மைல், நடுவில் ஊர் கிடையாது.

பாதி வழியில் சோணை மாடுகளை இழுத்துப் பிடித்தார்.

"என்ன சோணையண்ணே?" என்றார் பாக்கியம் டீச்சர்.

"கதிரைப் பாருங்க டீச்சரம்மா. முத்திச் சாஞ்சு கெடக்கு. அறுப்புக்கு ஒரு ஆளைக் காணோமே."

பார்த்தோம். இரண்டு பக்கமும் விளைந்த நெல். மணிகள் உதிர்ந்து தரையெல்லாம் கிடந்தன. குருவிகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து தின்றன. வண்டி பக்கத்தில் போனபோதுகூட எழவில்லை. அவற்றை விரட்டி நாளாகியிருக்க வேண்டும்.

"எங்கயாவது திருவிழாவா இருக்கும்" என்றேன்.

சோணை மாடுகளைத் தட்டி ஓட்டினார்.

கண்மாய்க்கரையை அடைந்தபோது மணி பத்து. இடத்தைப் பார்த்ததும் நெல்லை மறந்தேன். சமதரை, நல்ல புளியமர நிழல், பின்னால் மதில்போல மலை, முன்னால் கரை தொட்டு நிற்கும் தண்ணீர். பாக்கியம் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"இளநீ மாதிரி இருக்கு சாரதா! பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேணும்?"

அங்கேயே கைகழுவி, புளிச்சோற்றை இலையில் உருட்டி வைத்து எனக்கும் சோணைக்கும் கொடுத்தார். சாப்பிட்டோம். பிறகு கூடாரத்தை ஒருமுறை அடித்துப் பார்க்கலாம் என்று பிரித்தோம். முளைகள் இருந்தன, அடிப்பதற்குச் சம்மட்டி இல்லை. ஊர் கரைக்கு அந்தப்பக்கம்தான். சம்மட்டி இரவல் வாங்கி, ஊர் நாட்டாமையிடம் உத்தரவும் கேட்டு வரலாமென்று நாங்கள் இருவரும் நடந்தோம். சோணை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நின்றுவிட்டார்.

ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே இப்போது பெண் எடுக்கிறார்கள், கொடுக்கிறார்கள்.

முதல் தெருவின் வாயில் குறுக்கே வேப்பங்கொத்துக் கட்டியிருந்தது. இலைகள் காய்ந்து சருகாகியிருந்தன. எல்லா வீட்டுக் கதவும் சாத்தி, வாசலில் முள் வெட்டிப் போட்டிருந்தது. ஒரு முற்றத்தில் பாயில் மிளகாய் காயவைத்திருந்தார்கள்; வெயிலும் பனியும் பட்டு அது வெளுத்தே போயிருந்தது. மரக்கிளையில் சேலைத்தொட்டில் ஒன்று தொங்கியது. பாக்கியம் டீச்சர் போய் எட்டிப்பார்த்தார். வெறும் துணிதான். ஒரு நாய் வாசலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. குரைக்கவில்லை.

"யாரும்மா வீட்டுல?" என்று கூப்பிட்டேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தும், தும் என்று ஒரே சீராக, நிறுத்தாமல். அடுத்த தெருவில் யாரோ குத்துகிறார்கள். பாக்கியம் டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய ஊரில் அந்த ஒரு சத்தம்தான். அதை நோக்கிப் போகவும் பயம், போகாமல் திரும்பவும் பயம். போனோம்.

ஒரு வீட்டுக் கொட்டகையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. எங்களைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

"கம்மாத் தண்ணியைக் குடிச்சீகளா?"

யார், எந்த ஊர் என்று எதுவும் இல்லை. அதுதான் முதல் கேள்வி.

"ஒரு கை... ஏன்?" என்றார் பாக்கியம் டீச்சர்.

"வாந்திபேதி. ஊர் பூராம் பேதி. கம்மாத் தண்ணியிலதேன் வந்துச்சுன்றாக. மிச்சம் இருக்குற சனம் அம்புட்டும் மலையடியில குடிசை போட்டுக் கெடக்கு. எனக்கு வந்து போயிருச்சு. அதனால நான் மட்டும் உள்ள வந்து குத்திக் கொண்டு போறேன். அங்க உரல் இல்லைல்ல."

பாக்கியம் டீச்சர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். நான் என் வயிற்றைத் தொட்டேன். அந்தக் கை உருட்டிக் கொடுத்த சோறு அங்கே இருந்தது.

அவள் கூடையைத் தலையில் வைத்து முன்னே நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். மலைச்சரிவில் பனையோலைக் குடிசைகள் வரிசையாக நின்றன. அறுபது அடிக்கு இப்பால் ஒரு கோடு கிழித்து அதன்மேல் சாம்பல் போட்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் சனங்கள் குடிசைகளிலிருந்து வெளியே வந்து நின்றார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் அசையாமல் எங்களையே பார்த்தார்கள். இடுப்புக் குழந்தைகூட அழவில்லை. ஒரு கணம் எனக்கு வந்த எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன்: இவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்களா?

தலைப்பாகை கட்டிய ஒருவர் முன்னால் வந்தார். நாட்டாமையாம்.

"ஊசி போட வந்தீகளா தாயி?"

"இல்லைங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இடம் பார்க்க வந்தோம்" என்றார் பாக்கியம் டீச்சர்.

"தெற்க திருமங்கலம் போவம்னா, அடுத்த ஊர்க்காரங்க எல்லையில கம்போட நிக்கிறாக. மதுரைக்கு ரெண்டு பேரை அனுப்புனோம். அவங்க இன்னும் திரும்பல. நீங்களாச்சும் போய்ச் சொல்லுங்க."

சொல்கிறோம் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

வண்டி திரும்பியது. வெகுதூரம் போனபிறகு பாக்கியம் டீச்சர் கேட்டார்: "சோணையண்ணே, நீங்க தண்ணி குடிச்சீகளா?"

"குடிச்சேன் டீச்சரம்மா. வயிறு முட்ட."

பாக்கியம் டீச்சர் விஷயத்தைச் சொன்னார். சோணை சாட்டையை மடியில் வைத்தார். "எம் பொண்ணு கைப்பிள்ளைக்காரி. வீட்டுல இருக்கா" என்றார்.

"என் வீட்டுலயும் ரெண்டு பிள்ளைக" என்றார் பாக்கியம் டீச்சர். "நாம வீட்டுக்குப் போக வேண்டாம்."

காளவாசலில் மேஸ்திரியைத் தூரத்திலேயே நிற்கச் சொல்லி விவரம் சொன்னோம். அவர் முகம் வெளிறியது. ஆனாலும் மண்ணெடுத்த பள்ளத்துக்குப் பக்கத்தில் காலி இடத்தைக் காட்டி, ஒரு சம்மட்டியை எங்கள் பக்கமாக வீசினார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு முனிசிபாலிட்டி சுகாதார ஆபீசுக்கும் எங்கள் வீடுகளுக்கும் சொல்லப் போனார். பெண்பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த கூடாரத்தை எங்களுக்கு அடித்துக்கொண்டோம். சோணை வண்டிக்கு அடியில் படுத்தார்.

சுகாதார ஆபீசர் சாயங்காலமே வந்தார். மலையடி ஊருக்கு விடிந்ததும் ஆட்கள் போவார்கள் என்றார். எங்களுக்கு ஊசி போட்டார். ஐந்து நாள் அங்கேயே இருக்கச் சொன்னார். அந்த நாட்களில் நாங்கள் செய்ததெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுதான். பாக்கியம் டீச்சர் சற்றே குனிந்தால் எனக்கு நெஞ்சு நின்றுவிடும். நான் எழுந்து நடந்தால் அவர் உட்கார்ந்துவிடுவார். சூளைப் புகை காற்றுக்குத் தக்கபடி எங்கள்மேல் கவிந்து விலகும். சாலையில் போகிறவர்கள் எங்கள் பக்கம் வந்ததும் மறுஓரத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

மறுநாள் நண்பகலில் சோணைக்குப் பேதி கண்டது. முனிசிபாலிட்டி வண்டி வந்து தூக்கிப் போகும்போது, குரலே இல்லாமல் சொன்னார்: "டீச்சரம்மா, மாட்டுக்குத் தண்ணி காட்டிருங்க." கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் காட்டினோம். எங்கள் இருவருக்கும் எதுவும் வரவில்லை. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

சோணை பிழைத்து வர மூன்று வாரமானது. மதுரைக்குப் போன இருவரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் தன் பக்கத்துப் படுக்கையில் கிடந்ததாக அவர்தான் சொன்னார். இன்னொருவர் என்ன ஆனாரென்று யாருக்கும் தெரியவில்லை. மலையடியில் ஊசி போட்டபிறகு சாவு நின்றது. நெல் மட்டும் அறுக்க ஆளில்லாமல் போயிற்று.

ஐந்தாம் நாள் பிற்பகல் நான் வீடு திரும்பினேன். வடக்கு மாசி வீதியை ஒட்டிய எங்கள் சந்தில் எப்போதும் குழாயடிச் சண்டையும் பிள்ளைகள் கூச்சலுமாக இருக்கும். நான் நுழைந்ததும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் தெரிந்த முகங்கள், தினமும் என்னிடம் பேசுகிற முகங்கள், பேசாமல் பார்த்தன. என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. சாம்பல் கோடுதான் இல்லை.

எங்கள் வீட்டு வாசலில் அண்ணன் நின்றான். அவனுக்கும் கால் எழவில்லை. மதினிதான் படியிறங்கி, சந்தின் பாதி தூரம் நடந்து வந்து, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வா" என்றாள், தெரு முழுக்கக் கேட்கும்படி.