உரசிய ஒட்டு

திருகோணமலை உள்துறைமுகக் கரையில், ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் இருக்கிற ஒரு படகுப் பட்டறையில் இல்ஹாம் வேலை செய்தான். உப்புத் தின்ற டீசல் டாங்கிகளையும் பாறையில் மோதிப் பிளந்த இரும்புத் தகடுகளையும் வெல்டிங் செய்து ஒட்டுவதுதான் அவன் வேலை. ஒட்டின இடத்தைக் கிரைண்டரால் உரசுவான், விரலால் தடவிப் பார்ப்பான், விரலுக்கு எதுவும் தட்டுப்படாவிட்டால்தான் அடுத்ததுக்குப் போவான். ஒரு நாள் வேலையை இரண்டு நாள் செய்கிறான் என்பதைத் தவிர முதலாளிக்கு அவன்மேல் வேறு குறை இருக்கவில்லை.

கிண்ணியாவில் ஷாமிலாவைக் கலியாணம் முடித்து அவளுடைய வீட்டுக்கே குடிவந்தான். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளை வந்து சேருவான். மாமி ஆமினா உம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்தாள். ஷாமிலாவின் மூத்த சகோதரன், அவள் காக்கா என்று கூப்பிடுகிற நஸ்ரி, தோப்பூரில் பழைய வாகனங்களை வாங்கி விற்கிறவன். வாய் நிறையப் பேசுவான், வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வரமாட்டான்.

இல்ஹாமுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சாப்பிடும்போதும் போனில் கார்தான். யாரோ ஜப்பான்காரன் வீட்டுக் கொட்டிலில் ஒரு சின்னக் காரை எடுத்து, உள்ளதெல்லாம் மாற்றி, பெரிய பெரிய கார்களை ஓடவிட்டுப் பிடிப்பான். அதைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தபடியே இருப்பான். இதைக் கண்ட நஸ்ரி ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு, ஒரு பழைய வெள்ளை ஸ்டார்லட் காரைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினான்.

"இந்தாங்க மச்சான். போன்ல பாத்தது போதும், கையால செய்யுங்க."

அவன் கேட்டது ஒரு விலையே இல்லை. தங்கச்சி புருஷனுக்குச் செய்த உதவி என்று மாமி அயலெல்லாம் சொல்லித் திரிந்தாள். இல்ஹாமுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுடைய வாப்பா உயிரோடு இருந்தபோதுகூட யாரும் அவனுக்கு இப்படி ஒன்றைக் கொண்டுவந்து தந்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு ஒரு கொட்டில் அடித்தான். பாரம் குறைந்தால்தான் கார் பறக்கும் என்று முதலில் உள்ளே இருந்ததை எல்லாம் கழற்றினான். சீற்றுகள், கூரைத் துணி, ரேடியோ, கால் விரிப்பு, கதவுப் பலகைகள் எல்லாம் வெளியே வந்தன. பிறகு எஞ்சினை இறக்கினான். அப்போதுதான் அதைக் கண்டான்.

எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர் உண்டு. காரை அடையாளம் காட்டுகிற செசி நம்பர் அதில்தான் அடித்திருக்கும். அந்த நம்பரைச் சுற்றி நாலு பக்கமும், கடிதத்தில் முத்திரை ஒட்டினதுபோல, ஒரு வெல்டிங் கோடு ஓடியது. மேலே பூசிய பெயின்ட் அதை முழுக்க மறைக்கவில்லை. இல்ஹாம் விரலை வைத்துத் தடவினான். விரலுக்குத் தட்டுப்பட்டது.

நஸ்ரிக்குப் போன் எடுத்தான்.

"அதுவா? முன்பக்கம் அடிபட்ட வண்டி மச்சான். டிங்கரிங்காரன் துண்டு வச்சு ஒட்டியிருப்பான். உங்களுக்குத் தெரியாததா?" என்றான் நஸ்ரி.

இல்ஹாம் போனை வைத்துவிட்டுச் சுற்றியிருந்த தகட்டையும் தடவிப் பார்த்தான். அடிபட்ட வண்டி என்றால் பக்கத்துத் தகடும் நெளிந்திருக்க வேண்டும். நெளியவில்லை. அது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் கொட்டில் அடித்தாகிவிட்டது, எஞ்சின் நிலத்தில் கிடக்கிறது, நஸ்ரி சொல்லிவிட்டான். கிரைண்டரை எடுத்து அந்தக் கோட்டை உரசினான். பட்டறையில் செய்வதைவிடப் பக்குவமாக, நம்பர் எழுத்துகளில் கை படாமல், சுற்றிவர உரசி, புதிதாக பெயின்ட் அடித்தான். பிறகு விரலால் தடவினான். ஒன்றுமே தட்டுப்படவில்லை.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. எஞ்சின் விடுகிற புகையையே கொண்டு ஒரு விசிறியைச் சுழற்றி, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிற டர்போ என்ற சாமான்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அது பூட்டிய எஞ்சின் ஜப்பானிலிருந்து வரவேண்டும். வந்த எஞ்சினைப் பிரித்து உள்ளே பிஸ்டன் மாற்றினான். கார் உருண்டாலும் ஆள் நசியாமல் இருக்கக் கூரைக்குக் கீழே இரும்புக் குழாயால் கூடு ஒட்டினான். முன் பம்பரை வெட்டி, சூடான காற்றை ஆற்றுகிற இன்டர்கூலரை வைத்தான். களப்பின் உப்புக் காற்றில் துரு பிடிக்காமலிருக்கப் பிள்ளையைத் துடைப்பதுபோல மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான். ஷாமிலா சில நாள் சிரித்தாள், சில நாள் சண்டை பிடித்தாள், சில நாள் கதைக்காமலே தேத்தண்ணியைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

எஞ்சினைப் பூட்டி முடித்த நேரம் பார்த்து நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போனது. வரிசைகள் பாலத்தைத் தாண்டி நின்றன. ஓடாத வாகனத்துக்குப் பங்கு கிடையாது. வேலை செய்து முடித்த எஞ்சினை ஒரு தடவைகூட முடுக்கிப் பார்க்க முடியாமல் இல்ஹாம் வெந்துகொண்டு இருந்தான். ஒரு நாள் பின்னேரம் ஷாமிலா போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிற ஸ்கூட்டிக்குக் கிடைத்த பெட்ரோல்.

"அப்ப நீங்க எப்படிப் போறது?"

"நடந்து போறன். இதையும் பாக்காட்டி உங்களுக்கு விசர் பிடிச்சிரும்."

அந்தப் பெட்ரோலில்தான் எஞ்சின் முதல் தடவை உயிர் பிடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது, கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன, மாமி குசினியிலிருந்து 'யா அல்லாஹ்' என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஷாமிலா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இல்ஹாமின் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் ஒன்று வரவில்லை.

பெட்ரோல் திரும்ப வந்த பிறகு ஒரு விடியற்காலை, மூதூர் வீதியில், இரண்டு பக்கமும் வயல் திறந்து கிடக்கிற இடத்தில் அவளை ஏற்றிக்கொண்டு போனான். மூன்றாவது கியரில் டர்போ பிடித்தபோது யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளினதுபோல இருந்தது. ஷாமிலா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "போதும்! போதும்!" என்று கத்தினாள். நிறுத்தியதும், "இன்னொருக்கா" என்றாள்.

அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. இல்ஹாமுக்கு விட மனமில்லை. எஞ்சின் மாற்றியதைச் சட்டப்படி பதிந்து, பயமில்லாமல் ஓட்டி, வடமேற்கில் எங்கோ நடக்கிற கார் ஓட்டப் போட்டி ஒன்றில் இறக்க வேண்டும் என்று நின்றான். நஸ்ரிக்கு இது பிடிக்கவில்லை.

"தேடிப்போய் ஏன் மச்சான் மாட்டிக்கொள்றீங்க? ஊருக்குள்ள ஓட்டுங்க. ஆர் கேக்கப் போறாங்க?"

"களவா வச்சிருக்க ஏலாது. இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சிட்டு ஒளிச்சா ஓட்டுறது?"

அடுத்த கிழமையே பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்தான்.

பரிசோதனை செய்ய வந்த அதிகாரி அமைதியான மனிதர். எஞ்சினைப் பார்த்து, கூட்டைப் பார்த்து, யார் ஒட்டியது என்று கேட்டு, நல்ல வேலை என்றும் சொன்னார். பிறகு ஒரு சின்னக் கத்தியால் செசி நம்பர் இருந்த இடத்தின் ஓரத்துப் பெயின்டைச் சுரண்டினார். ஒரு இடம், இன்னொரு இடம், சுற்றிவர. அதற்குப் பிறகு அவர் இல்ஹாமின் முகத்தைப் பார்க்கவில்லை.

காரோடு, கொட்டிலில் படங்கு போட்டு மூடி வைத்திருந்த பழைய எஞ்சினையும் பொலிஸ் எடுத்துக்கொண்டு போனது. அதன் நம்பரையும் யாரோ அழித்து வேறொன்று அடித்திருந்தார்கள். ஏதோ அமிலம் தடவ, அடியிலிருந்த நம்பர் எழுந்தது. வவுனியாவில் ஒரு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து களவுபோன கார். செசி நம்பர் அடித்திருந்த துண்டு, நொறுங்கிப்போன வேறொரு காரிலிருந்து வெட்டி எடுத்தது.

"ஆர் தந்தது?" என்று பொலிஸில் கேட்டார்கள்.

ஷாமிலா வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "காக்காட பேரச் சொல்லாதீங்க. உம்மா தாங்கமாட்டா. அவருக்கும் தெரிஞ்சிருக்காது, அவரையும் ஆரோ ஏமாத்தியிருப்பாங்க."

தம்புள்ளைப் பக்கம் பெயர் தெரியாத ஒருவனிடம் வாங்கினேன் என்று இல்ஹாம் சொன்னான். ஒட்டை உரசியது யார் என்ற கேள்விக்கு மட்டும் உண்மை சொன்னான். அந்த உண்மைதான் அவனை விளக்கமறியல் சிறைக்கு அனுப்பியது. வெளியே வந்தபோது பட்டறையில் அவன் இடத்தில் வேறொருவன் நின்றான். "பொலிஸ் வந்து போற இடமா இருக்க ஏலாது, இல்ஹாம்" என்றார் முதலாளி. அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் இவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காரை அடையாளம் காட்ட உரிமைக்காரி வந்தாள். குணேஸ்வரி என்று பெயர், வவுனியாவில் ஒரு பாடசாலையில் கணக்கு ரீச்சர். பொலிஸ் நிலைய வளவின் மூலையில், வேப்பமரத்துக்குக் கீழே கார் நின்றது. அவள் அதைச் சுற்றி நடந்தாள். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். வெறும் தகடும் இரும்புக் குழாய்க் கூடும்தான்.

பிணைக் கையெழுத்துப் போட வந்து தள்ளி நின்ற இல்ஹாமிடம் வந்தாள். "நீங்கள்தானே இதைச் செய்தது?"

"ஓம்."

"பின்சீற் எங்க?"

அவனுக்கு விளங்கவில்லை.

"அப்பாவுக்குச் சுகமில்லாமல் போன அண்டைக்கு அந்தப் பின்சீற்றில படுக்க வைச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனான். உள்ளுக்கு விட்டிட்டு வெளியில வந்து பார்க்கிறன், கார் இல்லை. அப்பா சாகும்வரைக்கும் கார் பத்திரமா நிக்குதோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர். ஓம் எண்டு பொய் சொன்னனான்." அவள் குரல் உயரவில்லை. "நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க வாங்கின கார் தம்பி. அந்த சீற் எங்க?"

சீற்றைக் கொஞ்ச நாள் கொட்டிலில் போட்டு உட்கார்ந்திருந்தான். பிறகு வெளியே கிடந்து மழையில் நனைந்து நாறியதும் மாமி எரித்துவிட்டாள். அதை எப்படிச் சொல்வது?

"ரீச்சர், நான் எல்லாத்தையும் பழையபடி செஞ்சு தாறன். சீற் தேடி எடுத்துப் போடுறன். பழைய எஞ்சினையும் நானே பூட்டித் தாறன். ஒண்டும் தரத் தேவையில்ல."

அவள் கூட்டை, முன்னால் வெட்டியிருந்த இடத்தை, அவனுடைய கைகளைப் பார்த்தாள்.

"வேண்டாம். நீங்கள் இனி இதைத் தொட வேண்டாம்."

இழுவை வண்டி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. யாரோ ஒரு பெடியன் அதைப் பார்த்து, 'சூப்பர் கார்' என்றான். இத்தனை வருஷத்தில் இல்ஹாம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது.

வழக்கு தண்டப்பணத்தோடும் ஒத்திவைத்த தண்டனையோடும் முடிந்தது. அடுத்து வந்த பெருநாளுக்கு நஸ்ரி குடும்பத்தோடு வந்தான். எல்லோருக்கும் உடுப்பு, இல்ஹாமுக்கு விலை கூடிய சட்டை. சாப்பிட்டு முடிந்ததும் இரண்டு பேரும் முன் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார்கள். உள்ளே பெண்கள் கோப்பைகள் கழுவுகிற சத்தம்.

"மச்சான், ஒண்டு கேக்கணும்" என்றான் இல்ஹாம். "அது களவெடுத்த கார் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

நஸ்ரி பல்லுக் குத்திக்கொண்டிருந்தான். "முழுசாத் தெரியாது. ஒரு மாதிரியான வண்டி எண்டு தெரியும். அந்த விலைக்கு வேற என்ன வரும்?"

"எனக்குச் சொல்லல்லையே."

நஸ்ரி திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "உங்களுக்குச் சொல்லணுமா? இரும்பு ஒட்டுற ஆள் நீங்க. நம்பரச் சுத்தி நாலு பக்கமும் வெட்டி ஒட்டியிருக்கு, எனக்கே பாத்த உடன விளங்கின விஷயம். உங்களுக்கு விளங்கித்தானே போன் எடுத்தீங்க? நான் என்னத்தையோ சொன்னன், நீங்க சரி எண்டு வச்சிட்டீங்க. அண்டைக்கு வேணாம் எண்டிருந்தா நான் திருப்பி எடுத்திருப்பன் மச்சான். உங்களுக்கு அந்தக் கார் வேணுமா இருந்திச்சு."

இல்ஹாமுக்கு அடிக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அடிக்க ஒரு நியாயமாவது வேண்டுமே. நஸ்ரி எழுந்து அவன் தோளில் தட்டிவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

அவர்கள் போன பிறகு ஷாமிலா வந்து பக்கத்தில் இருந்தாள். "காக்காவக் காட்டிக் குடுக்காம இருந்தீங்களே. அத நான் மவுத்தாகும் வரைக்கும் மறக்கமாட்டன்."

"நான் உங்கட காக்காவுக்காகச் சொல்லாம இருக்கல்ல."

"பின்ன?"

நஸ்ரியைச் சொன்னால் போன் எடுத்ததையும் சொல்ல வேண்டிவரும், அது அடிபட்ட ஒட்டு இல்லை என்று கண்டதையும் சொல்ல வேண்டிவரும். இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தில் இருந்த நன்றியைப் பார்த்ததும் "ஒண்டுமில்ல" என்றான்.

இப்போது இல்ஹாம் கிண்ணியா பசாரில் ஒரு முச்சக்கரவண்டி திருத்துகிற கடையில் கூலிக்கு நிற்கிறான். மோட்டார் சைக்கிளுக்குச் சத்தம் கூட்டித் தரச் சொல்லி இளந்தாரிகள் வருவார்கள். ஏலாது என்று அனுப்பிவிடுவான். தெருவில் சிலர் அவனைக் கார்க் கள்ளன் என்கிறார்கள், அவன் காதில் விழும்படியே. வீட்டில் வேறு கதை. போன கிழமை தூரத்து உறவுக்காரி ஒருத்தி வந்திருந்தபோது அவன் குசினியில் பகல் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முன்னறையில் மாமி பெருமையாகச் சொல்வது கேட்டது.

"எங்கட மருமகன் தங்கமான மனிசன். தான் உள்ளுக்குப் போயும், ஒருத்தரையும் காட்டிக் குடுக்கல்ல."

இல்ஹாம் பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினான். முன்வாசலால் போனால் அந்த உறவுக்காரி ஏதாவது கேட்பாள் என்று பின்வாசலால் இறங்கிக் கடைக்கு நடந்தான்.