ஜெயக்கொடி டீச்சரின் இரண்டாவது கியர்

ஜெயக்கொடி டீச்சர் போய்விட்டார் என்று பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது, "வண்டியிலயா?" என்றுதான் முதலில் கேட்டேன். "இல்ல சார், மூளையில ரத்தக் கசிவாம். ஆஸ்பத்திரியில போயிட்டாங்க" என்றார் எழுத்தர். ஒரு கணம் எனக்குள் ஏதோ தளர்ந்தது. அது ஆறுதல் என்று புரிந்ததும் கூசிப்போனேன். அந்த அளவுக்கு அந்த வண்டியை நினைத்துப் பயந்திருக்கிறேன்.

அவரோடு வேலை பார்த்த மற்றவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அவர் இயற்பியல் ஆசிரியர். அதே பள்ளியில் வேதியியல் எடுத்த எனக்கு, தஞ்சாவூரில் அவர் வீட்டு போர்ட்டிகோவில் கிரீஸ் படிந்த கையோடு உட்கார்ந்திருப்பவராகத்தான் அவர் நினைவில் இருக்கிறார். எதிரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜின் பிரிந்து கிடக்கும்.

அது சீர்காழிப் பக்கத்துப் பண்ணை வீடு ஒன்றின் வண்டி. டீச்சரின் அப்பா காத்தமுத்து அந்தப் பண்ணையில் கூலி வேலை செய்தவர். வாரிசுகள் எல்லாவற்றையும் விற்றபோது மாட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை டீச்சர் வாங்கி வந்து, இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன் மாற்றி, தன் கையாலேயே கட்டினார். முதல் உதையில் அது உறுமியபோது, உள்ளே கட்டிலில் படுத்திருந்த காத்தமுத்து எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு அவர் அக்குளுக்குப் போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"சின்ன வயசுல அப்பா இந்த வண்டிய தொட்டுட்டாருன்னு மரத்துல கட்டி அடிச்சாங்களாம் சார்," என்றார் டீச்சர், வண்டியை அணைத்துவிட்டு. "அவரை இதுல உட்கார வச்சு வேதாரண்யம் கடல் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். அதுக்குத்தான் வாங்கினேன்."

வண்டி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. டீச்சர் தனியாக ஓட்டிப் பார்த்த அன்று, வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்றது. இன்ஜின் அலறியது, வண்டி நின்றது. பின்னால் வந்த மணல் லாரி ஒரு கை தூரத்தில் ஒதுங்கிப் போனது. டீச்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். "பழைய வண்டி டீச்சர். ஏத்தத்துல கியர் லிவர காலால அமுக்கிப் பிடிச்சுக்குங்க, நிக்கும்."

"பின்னாடி எங்கப்பா இருப்பாரு. எம் பயத்த நான் காலால அமுக்கிப் பிடிக்க முடியாதுங்க" என்றார் டீச்சர்.

சட்டென்று இன்ஜினைப் பிரித்துவிடவில்லை. முதலில் வெளியே பார்த்தார். லிவர் ஆட்டம், கிளட்ச் கேபிள், கியரை அதன் இடத்தில் நிறுத்தும் ஸ்பிரிங், ஒவ்வொன்றாகச் சரிசெய்து ஓட்டினார். சமதரையில் நின்ற கியர் ஏற்றத்தில் மீண்டும் கழன்றது. அதன் பிறகே உள்ளே திறந்தார். இரண்டாவது கியர் விழும்போது இரு பல்சக்கரங்களின் பக்கவாட்டுப் பற்கள் ஒன்றையொன்று ஆழமாகக் கவ்வ வேண்டும். ஒரு சக்கரத்தின் பற்களில் எண்ணெயில் குழைத்த குங்குமத்தைப் பூசினார். கையால் சுற்றிவிட்டு எடுத்துப் பார்த்தோம். எதிர்ப் பற்களின் நுனியில் மட்டும் சிவப்பு ஒட்டியிருந்தது.

"பல்லு தேஞ்சு போச்சா?" என்று கேட்டேன்.

"தேஞ்சிருந்தா முனை மழுங்கியிருக்கும் சார். இது கூராத்தான் இருக்கு. முழுசா உள்ள போகல."

கியரைத் தள்ளும் கவட்டை வடிவக் கம்பியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தார். வளைவு இல்லை. கடைசியில் கியர்கள் கோத்திருக்கும் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். 'டக்' என்று நகர்ந்தது. அதன் ஓரத்தில் இருக்க வேண்டிய மெல்லிய வாஷர் ஒன்று இல்லை.

"கண்டுபிடிச்சுட்டீங்களே!" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வாஷர் இல்லைங்கிறது பெரிசில்ல. அது எங்க போச்சுங்கிறதுதான் பயம். உள்ள எங்கயாவது கிடந்து பல்லுக்கு நடுவுல மாட்டினா, ஓடுற வண்டியில பின் சக்கரம் அப்படியே இறுகிடும்."

இன்ஜின் முழுவதையும் மறுபடி பிரித்தார். அடியில் தேங்கிய எண்ணெயையும் கழுவிய மண்ணெண்ணெயையும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். ஒவ்வொரு துளைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தோம். வாஷர் கிடைக்கவே இல்லை. பண்ணைக் காலத்திலேயே யாராவது போடாமல் விட்டிருக்கலாம். "உள்ள இல்லைன்னு மட்டும்தான் சொல்ல முடியும். அது போதும்" என்றார். லேத் பட்டறையில் அளவாகக் கடைந்து வாங்கிய புதிய வாஷரைப் போட்டதும் குங்குமம் பற்களின் அடிவரை ஒட்டியது. அப்படியும் மூடுவதற்கு மனமில்லாமல் கியர்களை மாற்றி மாற்றிக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

முதல் ஓட்டத்தில் பின் சீட்டில் ஒரு நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு பாலம் ஏறினார். கியர் நின்றது. அடுத்து ஆள் வேண்டும் என்றார். நான் ஏறினேன். ஏற்றம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை இப்போது சொல்லலாம். என் காது முழுக்க அந்த அலறலுக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. இறங்கியபோது சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. டீச்சரின் சேலையும் அப்படித்தான் நனைந்திருந்தது.

காத்தமுத்து மட்டும் அசையவில்லை. "அதுல நான் ஏற மாட்டேன் பாப்பா. என்னைய விட்டுடு."

"சரி பண்ணிட்டேன்ப்பா. சாரே உட்கார்ந்து வந்தாரு."

"கியரு இல்ல பாப்பா. அத பாத்தாலே எனக்கு ஒதறுது."

டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயம் போகட்டும்னு காத்திருந்தா வயசு நிக்காதுப்பா. வாங்க, ரெண்டு பேரும் பயந்துகிட்டே போவோம்" என்றார்.

அவர்களுக்குப் பின்னால் என் ஸ்கூட்டரில் போனேன். பாலத்தின் உச்சிவரை அந்த இன்ஜினின் ஒலி பிசகவில்லை. அக்கரையில் வண்டியை நிறுத்தியதும் காத்தமுத்து மகளின் தோளைப் பிடித்தபடி இறங்கி நின்று, "கடல் வரைக்கும் போவுமா இது?" என்று கேட்டார். அந்த மாசியில் இருவரும் வேதாரண்யம் போய் வந்தார்கள்.

டீச்சரின் கருமாதி முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். வண்டி போர்ட்டிகோவில் நின்றது. பெரியவர் சாவியை நீட்டினார். "ஓட்டுவீங்களா சார்? பாப்பா என்னைய கூட்டிட்டுப் போன வழியில ஒருக்கா போய்ட்டு வரணும்."

ஜெயக்கொடி டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது தைரியம் அல்ல. அது அவரிடமும் அதிகம் இருந்ததில்லை. பயத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புகிற பழக்கம் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

காத்தமுத்து தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.