கம்ப்ரஸர் கடையில் என் வயிற்றெரிச்சல்

காற்று ஊருக்கெல்லாம் சும்மாதான் கிடைக்கிறது. அதை அழுத்தி டேங்குக்குள் அடைக்கிற மிஷினை ஒரு ஆளுக்கு விற்பதற்குள் எங்களுக்குத்தான் மூச்சு வாங்கிவிடும்.

விழுப்புரத்தில் ஏர் கம்ப்ரஸர் விற்கிற ஒரு கடையில் பதினான்கு வருஷமாக சேல்ஸ்மேனாக இருக்கிறேன். முன்பெல்லாம் பஞ்சர் கடைக்காரர்களும் லாரி பட்டறைக்காரர்களும்தான் வருவார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். இப்போது வீட்டுப் பின்பக்கம் நாலு தகரத்தைப் போட்டு, அதைப் பட்டறை என்று சொல்லிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். இவர்களுக்கு மிஷின் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது பெரிய பேஜாரு.

அந்தப் பேஜாரைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நம்மைவிடக் கெட்டிக்காரர் ஒருவரைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு தினமும் டிபன் பாக்ஸைத் திறக்கிற கொடுமை இருக்கிறதே, அது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால் இது உங்களுக்காக எழுதியது.

பில் போடுகிறவர் வாயைத் திறந்தார்

ஜெயமேரி எங்கள் கடையில் பில் போட வந்தவர். நாலு வருஷம் குனிந்த தலை நிமிராமல் பில் போட்டார். "அண்ணே, சாப்ட்டீங்களா?" என்பதற்கு மேல் என்னிடம் பேசியதில்லை. நல்ல பெண் என்று நானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் கோலியனூரிலிருந்து ஒருவர் வந்தார். பகலில் கம்பெனி வேலை, சாயங்காலம் வீட்டில் பைக் ரிப்பேர். டயருக்குக் காற்று பிடிக்கவும், கார்புரேட்டரை ஊதவும் ஒரு கம்ப்ரஸர் வேண்டும் என்றார். வாங்குவதே வாங்குகிறீர்கள், பெரிதாக வாங்குங்கள் என்று மூன்று ஹெச்பி மிஷினைத் தலையில் கட்டினேன். அவரும் தலையாட்டிவிட்டு பில் போடப் போனார். ஜெயமேரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்ணா, உங்க வீட்டு கரண்டு சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?"

"சிங்கிள்தாங்க."

"சாயங்காலம் வோல்டேஜ் எப்டி இருக்கும்?"

"எங்க இருக்குது? ஏழு மணிக்கு மிக்ஸியே சுத்தாது."

"அப்ப இந்த மோட்டாரு ஸ்டார்ட்டே ஆவாது. உறுமிக்கினே நிக்கும், உள்ள இருக்கற காயிலு எரிஞ்சிடும். நீங்க சொல்ற வேலைக்கு ஒரு ஹெச்பியே தாராளம்ணா."

கோலியனூர்க்காரர் ஒரு ஹெச்பி வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என் பக்கம் திரும்பி, "பில்லு போடறவங்க இவ்ளோ கேக்கறாங்க, நீங்க ஒண்ணுமே கேக்கலியேண்ணா?" என்றார்.

தூங்கும் குழந்தை

முதலாளி காதில் விஷயம் விழுந்துவிட்டது. அடுத்த வாரமே பில் போட வேறு ஆளைப் போட்டு, ஜெயமேரியை என் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் வாழ்த்து சொன்னேன். சொன்ன வாய் கசந்தது.

விக்கிரவாண்டியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வந்தார்கள். அவருக்கு டோல்கேட்டில் வேலை. ஓய்வு நேரத்தில் ஹெல்மெட்டில் படம் வரைந்து ஸ்பிரே அடித்துக் கொடுக்கிறாராம். அவர் என் வாடிக்கையாளர் என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். எத்தனை லிட்டர் டேங்க், எவ்வளவு பிரஷர், நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று என்று கால் மணி நேரம் பொழிந்தேன். அவர் வாயைப் பிளந்து கேட்டார். அந்த அம்மா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சத்தம் போடுமா?" மிஷின் என்றால் சத்தம் போடத்தானே செய்யும் என்றேன்.

ஜெயமேரி எழுந்து வந்தார். குழந்தை எந்த அறையில் தூங்கும், பட்டறை அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். அந்த அம்மாவை வாசலுக்கு வெளியே நிறுத்தி, இரண்டு மிஷினை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டினார். நான் காட்டிய பெல்ட் மிஷின் சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டாவது சின்ன மிஷின், ஆயில் ஊற்றத் தேவையில்லாதது. அது ஓடும்போது அம்மா தோளில் குழந்தை அசையவில்லை. ஹெல்மெட் வேலைக்கு அதுவே போதும் என்று எனக்கும் தெரியும். எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மா புருஷனிடம் சொன்னார்: "இனிமே டிவி வாங்கறதுனாலும் இந்த அக்காவக் கேட்டுக்கினுதான் வாங்கணும்."

பூச்சி

மேல்சித்தாமூரிலிருந்து ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர் வந்தார். சமண வீட்டுக்காரர். புத்தகம் வைத்துப் படிக்கிற மரப்பலகை செய்வது அவர் பொழுதுபோக்கு. இழைத்த தூசியை ஊதவும், வார்னிஷ் அடிக்கவும் மிஷின் வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கி, "தம்பி, இது காத்தை உள்ள இழுக்கும்போது கூடவே பூச்சி, கொசு எதுனா போயிடுமா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "சார், இது காத்து புடிக்கிற மிஷினு. கொசு புடிக்கிற மிஷினு பக்கத்துக் கடையில விக்குது" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

ஜெயமேரி மிஷினின் காற்று இழுக்கிற இடத்தில் இருந்த மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பில்டரைக் காட்டினார். "இத மாசம் ஒருவாட்டி தட்டிப் போடுங்க சார். மேல மெல்லிசா ஒரு வலை கட்டிக்கலாம், ஆனா காத்து தடைபடக் கூடாது. விளக்கு வெச்சப்புறம் ஓட்டாதீங்க, வெளிச்சத்துக்குத்தான் பூச்சி வரும். பகல்ல ஓட்டுனா உங்க மனசுக்கும் நல்லது, மிஷினுக்கும் நல்லது."

கேலி துளிகூட இல்லை. எனக்கு வந்த எரிச்சலில் ஸ்பேனரை டப்பாவுக்குள் எறிந்தேன். வாத்தியார் மிஷினை வாங்கிக்கொண்டு, என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க தம்பி, உங்களப் பாத்தாலும் நல்லவராத்தான் தெரியுது."

மூன்று நாள் லீவு

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து ஒருவர் வந்து, வந்ததும் வராததுமாக "ஜெயமேரி மேடம் இல்லீங்களா?" என்றார். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஜெயமேரி அப்போதுதான் சாப்பிடப் பின்பக்கம் போயிருந்தார். "அவங்க லீவு. மூணு நாளைக்கு வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை, சரளமாக வந்தது.

அவர் வீட்டு மாடியில் சோபாவுக்குத் துணி மாற்றுகிறவர். ஸ்டேப்ளர் கன் ஓட்டச் சின்ன மிஷின் போதும். நானோ, பெரிய மிஷினாக விற்று முதலாளியிடம் பெயர் வாங்க வேண்டும் என்ற வெறியில் நூறு லிட்டர் டேங்க் மிஷினை விற்றேன். ஜெயமேரி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஜல்தி ஜல்தியாக வண்டியிலும் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே அதே வண்டி வாசலில் நின்றது. நாலு பேர் தூக்கியும் மாடிப்படித் திருப்பத்தில் மிஷின் திரும்பவில்லையாம். சுவர் பூச்சு பெயர்ந்ததுதான் மிச்சம். முதலாளி வெளியே வந்து, "எவன் இத வித்தது?" என்று கத்தினார். ஜெயமேரி, "நாங்க மாடியான்னு கேக்காம உட்டுட்டோம் சார், மாத்திக் குடுத்துடலாம்" என்றார். "நாங்க" என்றார், கவனியுங்கள். திட்டியிருந்தால் அன்றைக்காவது நிம்மதியாகச் சோறு இறங்கியிருக்கும்.

"சரி ஜெயமேரி, மாத்திக் குடு" என்றார் முதலாளி. பெயரைக் கேட்டதும் சோபாக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். "மேடம், நீங்கதான் ஜெயமேரியா? மூணு நாளு லீவுன்னாரே இவரு!"

ஜெயமேரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாண்ணா, சீக்கிரமே வந்துட்டேன்" என்றார்.

திண்டிவனம் கிளை

திண்டிவனத்தில் முதலாளி இன்னொரு கடை திறந்தார். பொறுப்பு எனக்குத்தான் என்று நம்பி, திறப்பு விழாவுக்குப் புதுச் சட்டைகூட எடுத்துவிட்டேன். பொறுப்பு ஜெயமேரிக்குப் போனது. மனசு கேட்காமல் முதலாளி முன்னால் போய் நின்றேன். பதினான்கு வருஷம் என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சேகரு, உன்கிட்ட வாங்குனவன் மிஷினத் தூக்கிக்கினு திரும்பி வர்றான். அதுகிட்ட வாங்குனவன் இன்னொருத்தனக் கூட்டிக்கினு வர்றான்."

சொந்த மச்சான்

மயிலத்தில் இருக்கிற என் மச்சான், என் பெண்டாட்டியின் தம்பி, வீட்டில் பட்டறை போடுகிறான் என்று கேள்விப்பட்டேன். எப்படியும் என்னிடம்தான் வருவான் என்று ஒரு நல்ல மிஷினைத் துடைத்துத் தனியாக வைத்திருந்தேன். இந்த முறை ஒழுங்காக விசாரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் நினைத்திருந்தேன், சத்தியமாக. ஒரு வாரம் கழித்து நானே போன் செய்தேன். பின்னால் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கோச்சுக்காதீங்க மாமா, அக்காதான் மாமாகிட்ட போவாத, திண்டிவனத்துக்குப் போன்னு சொல்லுச்சு" என்றான்.

கேட்டே விட்டேன்

அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு மதியம் உதிரிபாகம் எடுக்கிற சாக்கில் திண்டிவனம் போனேன். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். ஜெயமேரி ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, எனக்கு டீ சொன்னார். அந்த லீவு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்குத் தெரியாத இன்னாத்தம்மா நீ கத்துக்கின? எங்க கத்துக்கின?"

அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார். கோபமும் இல்லை, பெருமையும் இல்லை.

"நாலு வருஷம் கடைக்கு வர்ற போனையெல்லாம் எடுத்தது நான்தானேண்ணே. நீங்க வித்துட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க. மோட்டாரு எரிஞ்சவங்க, சத்தம் தாங்காதவங்க, எல்லாரும் என்னத்தான் திட்டுவாங்க. எதுக்குத் திட்டறாங்கன்னு கேட்டுக் கேட்டுக் கத்துக்கினதுதாண்ணே."

இப்போது யார் வந்தாலும் நானும் பத்துக் கேள்வி கேட்ட பிறகுதான் மிஷினைக் காட்டுகிறேன். இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும், பதினான்கு வருஷ அனுபவம் என்று சொல்லிவிடுகிறேன்.