பானையைப் பிடுங்கிய அம்மா

நான் காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்கிறேன். அதிகம் பேசாதவன், மகள் சொன்னதால் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நடுக்கடலில் எங்கள் படகின் இன்ஜின் நின்றுவிட்டது. நீரோட்டம் இழுத்துப் போய் பர்மா கரையில் தள்ளியது. பல நாள் பட்டினி. நடக்கத் தெம்பில்லாத என்னையும், என் தங்கை புருஷன் மணியையும் அந்த ஊர் மீனவர்கள் ஒரு குடிசைக்குத் தூக்கிப் போனார்கள்.

அடுப்பருகே பானை நிறையச் சோறு இருந்தது. ஆனால் அந்த வீட்டம்மா எங்களுக்குக் கொடுத்தது அரை டம்ளர் கஞ்சித் தண்ணீர்தான். மணி கை நீட்டியதும் பானையையே பிடுங்கித் தள்ளி வைத்தார்.

"இன்னா மச்சான், நாய்க்கு ஊத்துற மாதிரி ஊத்துது? அவ்ளோ சோறு கீது, பாத்தியா?" என்று மணி கொதித்தான். எனக்கும் எரிச்சல்தான்.

அவர் தண்ணீர் எடுக்கப் போனதும் மணி பானையை இழுத்து அள்ளி அள்ளித் தின்றான். நான் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தான். கண் செருகியது. தங்கைக்கு என்ன பதில் சொல்வேன் என்று பதறி, அந்தம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

ஓடி வந்த அந்தம்மா அவனை மடியில் சாய்த்து, உப்புக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினார். பொழுது சாயும்போதுதான் அவன் கண் திறந்தான். பிறகு அந்தம்மா சுவரிலிருந்த தன் கணவர் படத்தைக் காட்டினார். அலைபோல் கையாட்டி, பானையைத் தொட்டு, கண்ணை மூடிக் காட்டினார். கடலில் பட்டினி கிடந்து கரை சேர்ந்தவர், வயிறு முட்டத் தின்றே செத்துப் போயிருக்கிறார்.

மணி தேறியதும் மூவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

இப்போதெல்லாம் காணாமல் போன படகு எதுவும் கரை திரும்பினால், முதல் ஆளாகக் கஞ்சித் தண்ணீரோடு நிற்பேன். "சோறு போட மனசு வர்லியா?" என்று படகில் வந்த பையன்கள் திட்டுவார்கள். திட்டட்டும், பானையை விடமாட்டேன்.