சம்பந்தியின் தாத்தாவுக்கு ஒரு குதிரை

போன சனிக்கிழமை கோயிலில் விளக்கு தேய்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. இங்கே டெக்சாஸில் கோயில் சேவைக்கும் ஆன்லைனில்தான் பெயர் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது கோலத்துக்கு, கிடைத்தது விளக்கு. மடப்பள்ளிக்குப் பின்னால் உட்கார்ந்து பித்தளை பாலிஷ் டப்பாவைத் திறந்தேனோ இல்லையோ, அந்தக் காரமான மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்தில் இருந்த ஆன்ட்டி வெண்பொங்கலில் நெய் எப்போது விட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். என் காதில் ஒன்றும் விழவில்லை. மனசு நேராக என் மாமனார் வால்டரின் ஹாலுக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது.

மாமனார் பெயர் வால்டரா என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. ஆமாம். சைதாப்பேட்டையில் பிறந்து, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு இந்த ஊருக்கு வந்து, ஆபீஸில் எதிர் சீட்டில் இருந்த எரிக்கைக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். எரிக்கின் அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். வால்டர் தனி ஆள். நாங்கள் இருக்கும் காப்பெலிலிருந்து தெற்கே நாலு மணி நேரம் டிரைவ் செய்தால், அந்தக் காலத்தில் ஜெர்மன்காரர்கள் வந்து குடியேறிய ஒரு சின்ன ஊர். அங்கே ஏ.சி. மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர்.

அவர் வீட்டுக் கணப்பு மேடையின்மேல் ஒரு ஹெல்மெட் இருக்கும். தோலில் செய்து, உச்சியில் பித்தளை ஈட்டி முனை வைத்தது. பழைய ஜெர்மன் ராணுவத்தின் தொப்பி. ஏதோ பழம்பொருள் கடையில் வாங்கினாராம். அசலா நகலா என்று யாரும் கேட்கக் கூடாது. வாரா வாரம் அந்த முனையைப் பளபளவென்று தேய்ப்பார். வீடு முழுக்க அந்த பாலிஷ் வாசனைதான். ஹெல்மெட்டுக்கு மேலே, முட்டை வடிவ அட்டைக்குள் ஒரு போட்டோ. அவருடைய தாத்தா ஹெர்மன். முறுக்கு மீசை, விறைத்த கழுத்து, சீருடை, இரண்டு தோளிலும் பிறை போலக் கோடு போட்ட அலங்காரம், அதன் விளிம்பில் குஞ்சலம்.

ஹெர்மன் ஜெர்மன் சக்கரவர்த்தியின் குதிரைப் படையில் கேப்டன் என்பது வால்டரின் கட்சி. நான் முதல் தேங்க்ஸ்கிவிங்குக்குப் போனபோது ஹெர்மனுக்கு ஒரு குதிரை இருந்தது. அடுத்த வருஷம் இரண்டு. மூன்றாவது வருஷம் ஒரு குதிரை ஆற்றைத் தாண்டும்போது செத்துப்போய், இன்னொன்று அவரைக் காப்பாற்றியது. வான்கோழியை வெட்டிக்கொண்டே சொல்வார். கத்தி மேலே போகும், கீழே வரும், எங்கள் தட்டில் மட்டும் ஒன்றும் விழாது. ஆனாலும் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்போம். (அவர் பேசியது இங்கிலீஷ்தான். என் ஞாபகத்தில் என்னவோ தமிழில்தான் பேசுகிறார். மன்னித்துக்கொள்ளுங்கள்.)

அந்த மூன்றாவது வருஷம்தான் அம்மா ஆறு மாத விசாவில் வந்தாள். வந்ததும் அவளுக்கு முதல் அதிர்ச்சி, நான் மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. இரண்டாவது அந்தத் தொப்பி.

“இதென்னடி, மண்டைல கலசம் வெச்சிருக்கான்?”

“மெதுவா பேசும்மா. அது மிலிட்டரி தொப்பி.”

“கும்பாபிஷேகம் பண்ணுவாங்களா அதுக்கு?”

வால்டர் ஆர்வமாக என்னைப் பார்த்தார். “ரொம்ப கம்பீரமா இருக்காம்” என்றேன். மொழிபெயர்ப்பாளர் வேலையில் இதுதான் சௌகரியம்.

ஆனால் வால்டர் ஹெர்மனின் கதையை ஆரம்பித்து, குதிரை ஆற்றில் இறங்கியதும் அம்மாவின் முகம் மாறியது. சம்பந்தியின் தாத்தா இவ்வளவு பெரிய ஆளாக இருந்தால் நாம் என்ன இளைத்தவர்களா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எங்க தாத்தாவும் மிலிட்டரிதான்னு சொல்லுடி. வெள்ளைக்காரன் பட்டாளம். பரங்கிமலை. மேஜர்.”

“அம்மா!”

“சொல்லுடின்னா!”

சொன்னேன். வால்டர் எழுந்து நின்று அம்மாவுக்கு சல்யூட் அடித்தார். அம்மாவும் கொஞ்சமும் கூச்சப்படாமல் திருப்பி அடித்தாள். அன்று முதல் இருவரும் நண்பர்கள். மேஜரின் பேத்தி, கேப்டனின் பேரன். நடுவில் நான் பதவி எதுவும் இல்லாத சிப்பாய்.

வால்டருக்கு எழுபத்தைந்தாவது பிறந்த நாள் வந்துகொண்டிருந்தது. ஊர் ஹாலில் விருந்து, நாலு மாநிலத்திலிருந்தும் சொந்தக்காரர்கள். ஹெர்மன் குதிரைமேல் உட்கார்ந்திருப்பது போல ஒரு பெரிய ஆயில் பெயின்டிங்கை அங்கே திறந்து வைப்பதாகத் திட்டம். உள்ளூர் டிராயிங் டீச்சர் ஒரு அம்மையார் வரைந்துகொண்டிருந்தார். நல்ல மருமகள் பட்டம் வாங்கும் ஆசையில் நான் வாயைக் கொடுத்தேன். “ஹெர்மன் எந்த ரெஜிமென்ட், எங்கே சண்டை போட்டார்னு நான் ரிசர்ச் பண்ணி ஒரு ஃபைல் போட்டுத் தர்றேன்.” வால்டர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. போட்டோவைக் கழற்றி, துண்டில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பது போல என்னிடம் கொடுத்தார்.

சாஃப்ட்வேரில் பக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. தாத்தா கண்டுபிடிப்பது வேறு தொழில் என்று அப்போது தெரியவில்லை. ஜெர்மனியில் ராணுவ ஆவணங்கள் வைத்திருக்கும் ஆபீஸுக்கு மெயில் அனுப்பினேன். ஹெர்மனின் ஊர் பிரஷ்யாவைச் சேர்ந்தது. அந்தப் பகுதி ராணுவத்தின் பதிவுகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்துவிட்டன என்று பதில் வந்தது. வால்டரிடம் தயங்கித் தயங்கி போனில் சொன்னேன். அவர் குரலில் வருத்தமே இல்லை.

“அப்போ கேப்டன் இல்லைன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது, இல்லையா?”

நான் அத்தோடு விட்டிருக்கலாம். டெஸ்டருக்கு விடத் தெரியுமா? பழைய சீருடைகளைச் சேகரிக்கும் கிறுக்கர்கள் கூடும் ஒரு இணையக் குழு கிடைத்தது. பட்டனைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார்கள். போட்டோவை ஸ்கேன் செய்து போட்டேன். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தால், ஜெர்மனியிலிருந்து ஒருவர் சந்தோஷமாகப் பதில் எழுதியிருந்தார். தோளில் இருப்பது அதிகாரி அடையாளம் இல்லை. குருவிக்கூடு என்று அதற்குப் பெயர். பேண்டு வாசிக்கிறவர்கள் தைத்துக்கொள்வது. அதுவும் இது காலாட்படைச் சட்டை. குதிரைக்கு வாய்ப்பே இல்லை. வாழ்த்துகள்.

வாழ்த்துகளாம்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஃபிரேமின் பின்பக்க ஆணிகளைப் பிடுங்கினேன். போட்டோ முன்னால் தெரிந்ததைவிடப் பெரியது. முட்டை வடிவ அட்டை பாதியை மறைத்திருந்தது. அட்டையை எடுத்ததும் ஹெர்மனின் வயிறு வந்தது, கை வந்தது. அந்தக் கைக்குள் கன்றுக்குட்டியை அணைத்தது போல ஒரு மாபெரும் ட்யூபா. பித்தளைக் குழாய் சுருண்டு சுருண்டு போய், அண்டா வாய் போலத் திறந்திருந்தது. கேப்டன் இத்தனை வருஷமாக அதைக் கட்டிக்கொண்டுதான் எங்களை முறைத்திருக்கிறார்.

எரிக் பார்த்துவிட்டு சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் வெளுத்துவிட்டது. “டாட்கிட்ட சொல்லாதே. அட்டையைத் திரும்ப மாட்டிடு. ப்ளீஸ்.”

அம்மா போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். “ஹால்ல அத்தனை பேர் வருவாங்க. எவனாவது விஷயம் தெரிஞ்சவன் அந்தக் குஞ்சலத்தைப் பார்த்துட்டுச் சிரிச்சா? அந்த மனுஷன் எங்க போய் மூஞ்சிய வெச்சுப்பாரு? நீயே போய்ச் சொல்லு. நானும் வரேன்.”

நாங்கள் இருவரும் போனோம். வால்டர் எங்களுக்காக ஆப்பிள் கேக் வாங்கி வைத்திருந்தார். நான் கேக்கைத் தள்ளிவிட்டுப் போட்டோவை மேஜையில் வைத்தேன். குருவிக்கூட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்து மறுபடி போட்டார். ட்யூபாவின்மேல் விரலை வைத்து அதன் வளைவிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“இதை வெட்டினது எங்கம்மா. அவங்களுக்குக் கத்திரிக்கோல் நேரா போகாது.”

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து பின்வாசல் பக்கம் போய்விட்டார். கதவு வலைக்கு அப்பால் அவர் முதுகு தெரிந்தது. எழுபத்தைந்து வருஷமாக ஒருவர் சாய்ந்திருந்த சுவரை இடித்துவிட்டு, கேக்குக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா என் தோளைத் தட்டினாள். “வா. நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது.”

வெளியே போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “சம்பந்தி, எங்க தாத்தா மேஜர் இல்ல. பட்டாளத்துல டெய்லர். மேஜருக்குத் தொப்பை பெருத்தா பட்டனைத் தள்ளித் தள்ளித் தைக்கறதுதான் அவர் வேலை.”

நான் அப்படியே சொன்னேன். வால்டர் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

“மேஜர் இல்லையா?”

“மேஜர் சட்டையைப் போட்டுப் பார்த்திருக்காரு. ஒரே ஒரு தடவை. அதுக்கு அடி வாங்கினாரு.”

வால்டரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். “ஒருத்தர் பட்டன் தைச்சார், ஒருத்தர் ஊதினார். அப்போ சண்டை போட்டது யாரு?”

“நமக்கெதுக்கு அந்த வம்பு?” என்றாள் அம்மா. என்னைக் கேக்கை வெளியே கொண்டுவரச் சொன்னாள், மூன்று பேரும் அங்கேயே தின்றோம்.

அந்த பெயின்டிங்தான் பாக்கி. டிராயிங் டீச்சருக்கு வால்டர் போன் செய்தார். அந்த அம்மையார் குதிரையை வால் மயிர் வரைக்கும் முடித்துவிட்டாராம். அதை அழிப்பதானால் தன்னைக் கொன்றுவிட்டு அழிக்கலாம் என்றாராம். வால்டர் ஒரு ராத்திரி யோசித்தார்.

பிறந்த நாளன்று ஹாலில் திரையை இழுத்தபோது நூறு பேருக்கு மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னங்காலைத் தூக்கிப் பாயும் கறுப்புக் குதிரை. அதன்மேல் ஹெர்மன். கடிவாளத்தைப் பிடிக்க வேண்டிய இரண்டு கையாலும் ட்யூபாவைக் கட்டிக்கொண்டு, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். குதிரை பாய்ந்த காரணம் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. ஓஹையோவிலிருந்து வந்திருந்த ஒரு அத்தைக்கு மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. “ஊதிக்கிட்டே எப்படி இறங்குவார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வால்டர் மைக்கைப் பிடித்து உண்மை முழுவதையும் சொன்னார், தன் அம்மாவின் கத்திரிக்கோல் உட்பட. அதற்கு முன் அவர் சொன்ன எந்தக் கதைக்கும் அப்படிக் கைத்தட்டல் கிடைத்ததில்லை.

அதோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அடுத்த மாதம் மனுஷன் ஒரு பழைய ட்யூபா வாங்கிவிட்டார். எழுபத்தைந்து வயசில். “குதிரைதான் ஏற முடியாது. இது ஊதலாமே” என்றார். போனில் ஊதிக் காட்டுவார். எருமை தொண்டையைச் செருமுவது போல இருக்கும். “நல்லா முன்னேறியிருக்கார்னு சொல்லு” என்பாள் அம்மா, போனை அரை அடி தள்ளிப் பிடித்துக்கொண்டு. ஆனால் விடாமல் சாதகம் செய்து, ஊர்க் கிழவர்களின் பேண்டில் கடைசி வரிசையில் இடம் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மர ஹாலில் டான்ஸ் நடக்கும். அம்மா அடுத்த தடவை வந்தபோது பட்டுப்புடவையோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, தொடையில் ஆதி தாளம் போட்டாள். அது எந்த இடத்திலும் அவர்கள் பாட்டோடு சேரவில்லை. இருவருமே அதைப் பொருட்படுத்தவில்லை.

பிறகு பேண்டில் ஒவ்வொரு நாற்காலியாகக் காலியானது. கிளாரினெட்காரர் போனார். டிரம்காரர் மகள் வீட்டோடு போய்விட்டார். வால்டருக்கு நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. ஒரு மார்ச் மாதம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி, இனி பிளைட் ஏற மாட்டாள். சம்பந்தி போன செய்தியைப் போனில் சொன்னேன். “நல்ல மனுஷன்டி, என்னமா பொய் சொல்லுவாரு” என்றாள். அந்த மர ஹாலை இப்போது கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பாட்டு ஸ்பீக்கரில் வருகிறது.

தேங்க்ஸ்கிவிங் இப்போது எங்கள் வீட்டில்தான். போன வருஷம் எரிக்கின் அண்ணன் தான் மீன் பிடித்த கதையை எடுத்தார். மீனின் நீளத்தைக் காட்ட இரண்டு கையையும் விரிப்பதற்குள் என் மகள் போனில் தேடி, அந்த ஏரியில் அந்த ஜாதி மீனே கிடையாது என்று இங்கிலீஷில் அறிவித்துவிட்டாள். அவர் கையை இறக்கிக்கொண்டு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் யாரும் எதையும் ஆரம்பிக்கவில்லை. எங்கள் மேஜையில் இப்போதெல்லாம் உண்மையைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. அதனால் சீக்கிரமே சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம்.