பதினோரு குழிகள்

நான் போட்ட வேலியில் ஓட்டை இருந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கிள்ளையிலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் இறால் குட்டை வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதைக்கூட நானே எழுதுகிறேன். ஒற்றெழுத்தை மட்டும் மகள் பார்த்துத் திருத்துவாள். அப்படிப்பட்டவன் சிதம்பரத்தில் மாடி வீடு கட்டி, இருபது பேருக்கு வேலை கொடுக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு மடிப்பு.

அந்த மடிப்பைச் சொல்லிவிடுகிறேன். இறால் குட்டைக்கு நண்டு ஆகாது. வெளியிலிருந்து வருகிற ஒரு நண்டு நோயைக் கொண்டுவந்தால் போதும், குட்டை முழுக்க இறால் செத்து மிதக்கும். அதனால் குட்டையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டை நிறுத்தி நண்டு வேலி போடுவோம். மற்றவர்கள் ஷீட்டின் அடியை அரையடி புதைப்பார்கள். நண்டு அதற்கும் கீழே தோண்டிக்கொண்டு வந்துவிடும். நான் ஒன்றரை அடி புதைத்து, அடி நுனியை வெளிப்பக்கமாக மடித்துவிடுவேன். எந்தப் பக்கம் தோண்டி வந்தாலும் அந்த மடிப்பில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். எந்த இன்ஜினியரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

கடலூரில் ஒரு கம்பெனிக்குச் சுற்றுவேலி போட்டபோது அங்கே இருந்த மேனேஜர், பிற்பாடு ராஜஸ்தானில் ஒரு சோலார் வேலைக்கு மாறிப் போனார். "அங்க ஆள் கெடைக்காம இல்ல. ஒங்க வேல மாதிரி கெடைக்கல" என்று என்னைக் கூப்பிட்டார். ஆட்களைத் திரட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். என் மனைவியின் தம்பியும் கூட வந்தான். அவன் பம்பாயில் பல வருஷம் இருந்தவன், இந்தி பேசுவான். அங்கே எனக்கு வாயும் காதும் அவன்தான்.

போய் இறங்கியதும் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். இதற்கு எதற்கு வேலி என்றுதான் தோன்றியது. கீரப்பாளையத்து வயல்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது வெறும் தரை. மணல், முள்ளு, நடுநடுவே காய்ந்த புல். எதுவும் இல்லாத இடத்தில் எது நுழையப் போகிறது?

கம்பெனி கேட்டது தரை வரைக்கும் கம்பி வலை, அவ்வளவுதான். வலையின் அடியை ஒன்றரை அடி புதைத்து வெளிப்பக்கம் மடித்தது நானாகச் செய்தது. என் பெயர் அங்கேயும் நிற்கட்டும் என்று.

பிராணிகளைக் கவனிப்பதற்கென்றே கம்பெனி ஒரு பெண்ணை வைத்திருந்தது. என் மகள் வயதுதான் இருக்கும். விடியும்போதே நோட்டுப் புத்தகத்தோடு நடக்கத் தொடங்கிவிடும். ஒருநாள் வேலி வரப்போகும் கோட்டுக்கு உள்பக்கமாக இருந்த ஒரு மணல் மேட்டுக்கு எங்களை அழைத்துப் போய், சற்றுத் தள்ளியே நிறுத்தி, இந்தியில் ஏதோ சொல்லிற்று.

"என்னாவாம் மச்சான்?"

"இந்த எடத்துல மட்டும் இருவது அடிக்கு, தரையிலேர்ந்து ஒரு சாண் சந்து வுடணுமாம் மாமா."

"எதுக்கு?"

"நரிக்கு. மேட்டுக்குள்ள குட்டி போட்டிருக்குதாம். மூணு குட்டி."

"நரிக்கு வழி வுடறதுக்கா நம்மள அங்கேர்ந்து ரயில் ஏத்திக் கூட்டியாந்தாங்க?"

அவன் சிரித்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இந்தப் பாலைவன நரி இப்போது குறைந்துகொண்டே வருகிறது, தாய் இரை தேட வெளியே போனால் திரும்பி வர வழி வேண்டும், குட்டிகள் வளர்ந்து தாமாக வெளியேறும்வரை அந்த மேட்டுப் பக்கம் வண்டி வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுமையாகச் சொல்லிற்று. சந்து விட வேண்டிய இடத்தில் இரண்டு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிற்று.

சந்து விட்டேன். ஒரு சாயங்காலம் அந்த நரியைப் பார்த்தேன்கூட. நம் ஊர் நரியைவிடச் சின்னது. வால் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்தது போல வெள்ளை. வயிற்றை மண்ணில் தேய்த்துக்கொண்டு சந்தில் புகுந்து வெளியே போயிற்று. எனக்கு அப்போது நரி கண்ணில் படவில்லை, சந்துதான் பட்டது. அவ்வளவு நீள வேலியில் அந்த ஒரு இடம் முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

அப்போதுதான் டெல்லியிலிருந்து பெரிய ஆபீசர் மறுநாள் பார்வையிட வருகிறார் என்று சொன்னார்கள். அந்தப் பெண் வேறொரு இடத்து வேலையாக நான்கு நாள் வெளியே போயிருந்தது. நான் வலையை இறக்கி, புதைத்து, மடித்து, மண்ணை மிதித்துச் சமப்படுத்தினேன். ஆட்களை விடவில்லை, நானே செய்தேன். தாய் நரி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

முடிந்த கொஞ்ச நேரத்தில் மச்சானுக்கு போன். அந்தப் பெண்தான்.

"சந்து தொறந்துதான கெடக்குன்னு கேக்குறாங்க மாமா."

நான் தலையை ஆட்டினேன். அவன் ஆமாம் என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்தான்.

"பொய் சொல்ல வெக்கிறீங்களே மாமா."

"காலையில ஆபீசர் போனதும் அறுத்துடுறேன். ஒரு வேள பால் இல்லன்னா செத்துடுமா?"

மறுநாள் காலை மேட்டுக்கு நேரே வேலியின் வெளிப்பக்கம் ஏழு குழிகள் இருந்தன. தாய் வெளியேதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு குழியும் என் மடிப்பு வரைக்கும் வந்து நின்றிருந்தது. குழிகளின் ஓரத்தில் மண் நகத்தால் கீறிக்கீறி வரி வரியாகக் கிடந்தது.

இந்த இடத்தைத்தான் எழுத எனக்குக் கை வரவில்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தேன். மடிப்பு அசையவே இல்லை. போனில் படம் எடுத்து, நம் இறால் பண்ணைக்காரர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டேன். கூடவே குரலில், "கிள்ளை நண்டுக்குப் போட்ட மடிப்பு, பாலைவனத்து நரிக்கும் போதும்டா" என்று சொல்லி அனுப்பினேன். மத்தியானத்துக்குள் முப்பது பேர் கைதட்டினார்கள்.

ஆபீசர் அன்றைக்கு வரவில்லை. மணல் காற்று அடிக்கிறது, நாளைக்கு என்றார்கள். நாளைக்கும் வரவில்லை. மச்சான் இரண்டு முறை வந்து நின்றான்.

"மாமா, அறுத்துடலாம் மாமா."

"ஆபீசர் வந்து நிக்கிறப்ப ஓட்டையக் காட்டச் சொல்றியா?"

குழிகள் பதினொன்று ஆயின. எண்ணியது நான்தான். மூன்றாம் நாள் ஆபீசர் வந்தார். சோலார் பலகைகளைப் பார்த்தார், டீ குடித்தார். வேலிப் பக்கம் கார் போனபோது கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

அன்று பகலிலேயே அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டது. நேராக மேட்டுக்குத்தான் போயிற்று. குழிகளைப் பார்த்தது, வேலியைப் பார்த்தது, உள்ளே ஓடியது. வளை வாயில் இரண்டு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்துக் கிடந்தன. வெயிலில் அம்மாவைத் தேடி மேலே வந்திருக்கின்றன. மூன்றாவது உள்ளே முனகுவது கேட்டது. செத்த இரண்டையும் ஒரு துணியில் எடுத்துக்கொண்டது. பிறகு எழுந்து, திறந்திருக்கிறது என்று போனில் சொன்னது யார் என்று கேட்டது. அந்த அளவு இந்தி எனக்கும் புரிந்தது.

"நான்தாங்க" என்று சொல்லிவிட்டான் மச்சான்.

சொன்னது அவன்தான். சொல்ல வைத்தது யார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கம்பி வெட்டும் குறட்டை எடுத்து வலையை அறுத்தேன். அவசரத்தில் கையை இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டேன்.

எல்லோரையும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் விலகி நிற்கச் சொல்லிற்று அந்தப் பெண். வெயில் தாழ்ந்ததும் நரி வந்தது. சந்துக்கு முன்னால் நின்றது, முகர்ந்தது, பின்வாங்கியது. திரும்ப வந்து நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வெளியே வந்து முள்ளுக்குள் போய்விட்டது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது. முடிந்தது என்று நாங்கள் திரும்பினோம். நரி மறுபடி வந்தது. உள்ளே போய் வெகுநேரம் இருந்தது. வெறும் வாயோடு வந்தது.

"மன்னிச்சிக்கச் சொல்லுடா அவங்கள" என்றேன் மச்சானிடம்.

"நீங்களே போயி கையெடுத்துக் கும்புடுங்க மாமா. அதுக்கு இந்தி வேணாம்."

நான் போகவில்லை. பொய் சொன்னதற்காக மேனேஜர் மச்சானை மறுநாளே ஊருக்கு அனுப்பிவிட்டார். நான் இன்னும் இரண்டு மாதம் இருந்து, வேலியை முடித்துக் கொடுத்து, மேனேஜர் போர்த்திய சால்வையோடு வந்தேன்.

ஊரில் அந்தக் குழிகளின் படம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. நரியைத் தோற்கடித்தவர் என்றே எனக்குப் பெயர். நானும் மறுத்ததில்லை. கேட்டால் இன்னும் இரண்டு குழி கூட்டிச் சொன்னேன். மனைவியிடம்கூட, தம்பிக்கு அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

போன மாதம் திருவந்திபுரத்தில் ஒரு உறவுக்காரக் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர், எதிர் வரிசையில் மச்சான். அவர் இலைக்கு மேலே கையை நீட்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இவர யாருன்னு நெனைச்சீங்க? நரி தோண்டித் தோண்டி, முடியாம ஓடியே போயிடுச்சி!"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்.

"ஓடிப் போவல. மிச்சத்தையும் சொல்லுங்க மாமா."

பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டான். நானும் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து அதே குரூப்பில் பேசிப் போட உட்கார்ந்தேன். எழுதினால் தப்பு வரும். பேசிப் பேசி அழித்தேன். ஒவ்வொரு முறையும் எங்கேயோ ஓரிடத்தில் என்னை நல்லவனாக ஆக்கிக்கொண்டு முடித்திருந்தேன். கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "அந்த நரி வெளையாட்டுக்குத் தோண்டல. உள்ள அதோட குட்டிங்க இருந்துச்சி. ரெண்டு செத்துப்போச்சி. வழிய அடைச்சது நான்தான். பொய் சொல்ல வெச்சதும் நான்தான். என் மச்சான் மேல தப்பில்ல."

அனுப்பிவிட்டு போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருவர் கும்பிடும் கை போட்டார். ஒருவர் வழக்கம்போலக் கட்டை விரலைத் தூக்கினார், கேட்டுப் பார்த்திருக்க மாட்டார். மச்சானும் அந்தக் குரூப்பில் இருக்கிறான்; அவன் கேட்டுவிட்டான் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் பேசி அனுப்பியிருந்தார்.

"பாவம்தாண்ணே. ஆமா, அங்க எத்தன அடி பொதைச்சீங்க? நம்ம குட்டையில நண்டு ஜாஸ்தியா தோண்டுது."

"ஒன்றரை அடி. வெளிப்பக்கமா மடிக்கணும்" என்று உடனே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு அதை நானே ஒருமுறை போட்டுக் கேட்டேன். என் குரல் பழையபடியே இருந்தது.