டம்ளரில் கிடந்த சோடா பாட்டில்

பட்டா கேட்டு மனு போட்டிருந்த எங்கள் மனையை அளக்க இன்று காலை சர்வேயர் வந்தார். பழைய மிராசுதாரின் பேரனும் கூடவே வந்தார்.

"இது எங்க களத்துமேடு சார். இங்க யாரும் குடியிருந்ததே இல்ல" என்றார் அவர்.

"இங்கதான் என் மாமனார் சோடாக்கடை வெச்சிருந்தார். கொல்லையில தோண்டுனப்ப அவர் பேர் போட்ட பாட்டில் கிடைச்சுது" என்றேன்.

"எங்கம்மா அது?" என்றார் சர்வேயர்.

"டம்ளர்ல இருக்கு சார்."

"எனக்கு டீ வேணாம்மா. பாட்டிலைக் காட்டுங்க."

பாட்டிலைச் சுற்றவிட்டு மெருகேற்றும் மெஷினுக்கும் டம்ளர் என்றுதான் பெயர். செம்புத் துண்டும் மெருகுப் பொடியும் போட்டு மூன்று நாளாக ஓடவிட்டிருந்தேன். அதிகம் ஓடினால் கண்ணாடியில் புடைத்திருக்கும் எழுத்தும் தேய்ந்துவிடும். மூடியைத் திறந்து, பாட்டிலைக் கழுவி வெயிலில் பிடித்தேன்.

மாமனார் பெயரும் ஊர்ப் பெயரும் பளிச்சென்று நின்றன. ஐந்தாவது படித்த நானே எழுத்துக்கூட்டாமல் வாசித்தேன்.

"எவனாவது குடிச்சுட்டு வீசிருப்பான்" என்றார் பேரன்.

"உங்க தாத்தாவா இருக்கும் தம்பி."

சர்வேயர் சிரிக்கவில்லை. "பாட்டில் மட்டும் போதாதும்மா. கடையப் பாத்த ஆளுங்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மன்னார்குடிப் பக்கம் என் மாமனார் கடையில் சோடா குடித்தவர்கள் இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். அன்றைக்கு விட்ட ஏப்பமும் சாட்சிதான்.